பாதரின் பெட்டிகளை எரிக்கலாமா?

வாசகர் கேள்வி – ஜூன் 9, 2024

எங்கள் பெரிய மாமா கத்தோலிக்கச் சாமியார். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தினார். போன மாதம் அடக்கம் முடிந்தது. வள்ளியூர் பக்கம் எங்கள் வீட்டுத் தார்சாவில் அவருடைய பதினோரு பெட்டிகள் வந்து இறங்கியிருக்கின்றன. கடிதம், நோட்டு, பேப்பர் கட்டிங், பழைய கேள்வித்தாள். "சாமியார் கையில் இருந்த காகிதத்தில் நாலு பேர் ரகசியம் இருக்கும். எரித்துவிடுவதுதான் மரியாதை" என்கிறார் அம்மா. அம்மா சொல்வது சரிதானே?

ஜூன் 9, இரவு

எரிக்காதீர்கள் தம்பி. தீப்பெட்டியை எடுத்து ஒளித்துவையுங்கள்.

எனக்கு அரசியல் பாடம் நடத்தியவரும் ஒரு பாதர்தான். அவர் 2006-இல் இறந்தபோது காகிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மச்சு அறையில் நான்கு மாதம் அந்தப் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

மாமா ஆயருக்குக் கீழே இருக்கும் மறைமாவட்டக் குருவா, இயேசு சபை போன்ற துறவற சபைக் குருவா என்பதை முதலில் சொல்லுங்கள். சபைக் குரு என்றால் அந்தப் பெட்டிகள் உங்கள் வீட்டுக்கே வந்திருக்கக் கூடாது. சபையில் சேர்ந்தவர் தன் உழைப்பால் சம்பாதிப்பது சபைக்கே சேரும் என்பது 1983 திருச்சபைச் சட்டத்தின் 668-ஆம் பிரிவு. மறைமாவட்டக் குரு அப்படி இல்லை. சொந்தமாகப் பொருள் வைத்துக்கொள்ளலாம், உயில் எழுதலாம். உயில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, பங்குக் கணக்கு ஏதாவது மாட்டிக்கொண்டிருந்தால் அது பங்குக்குச் சொந்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மற்றதை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். கோயில் சம்பந்தப்பட்டது ஒன்று, கல்லூரி சம்பந்தப்பட்டது ஒன்று.

ஜூன் 10

மறைமாவட்டக் குரு என்கிறீர்கள். அப்படியென்றால் பொறுப்பு உங்கள் வீட்டுக்குத்தான்.

அம்மாவின் பயத்துக்கு நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும்போது, கேட்டதை எந்தச் சாமியாரும் எழுதிவைக்க மாட்டார். அந்த ரகசிய முத்திரையை உடைக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாலோ வேறு எந்த வழியிலோ, எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்த ரகசியங்கள் மாமாவோடு குழிக்குள் போய்விட்டன. பெட்டியைத் தேடினாலும் கிடைக்காது.

பெட்டியில் இருப்பது வேறு ரகம். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி ஒரு பெண் எழுதிய கடிதம், வீட்டை விட்டு ஓடிப்போன மகனைத் தேடும் அப்பாவின் கடிதம், குருமடத்தை விட்டு வெளியே வரலாமா என்று கேட்கும் பையனின் கடிதம். இவை பாவசங்கீர்த்தனம் இல்லை. ஆனாலும் நம்பி எழுதியவை. எரிப்பதற்கும் ஊருக்குத் திறந்துவிடுவதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. தனி உறையில் போட்டு ஒட்டி, "இத்தனையாவது வருஷம் வரை திறக்கக் கூடாது" என்று மேலே எழுதிக் கொடுக்கலாம். முறையான ஆவணக் காப்பகங்கள் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்ளும்.

ஜூன் 11

அவசரமாக ஒன்று. எந்தக் கட்டையும் அவிழ்ப்பதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து ஒன்று. ஒவ்வொரு கட்டையும் தூக்கியதும் ஒன்று. எது எதன்மேல் இருந்தது என்பதும் ஒரு செய்தி. அது ஒரு தடவை கலைந்தால் கலைந்ததுதான்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், காகிதம் கிழியும். தாளைத் தட்டையாக வைத்து, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுங்கள். கிழிந்ததற்கு செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். பத்து வருஷத்தில் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷனும் வேண்டாம்.

ஜூன் 16

ஒன்பதாம் தேதி இரண்டு குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். பிரிக்காதீர்கள்.

2006-இல் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிரசங்க நோட்டெல்லாம் இடப்பக்கம், பாடக் குறிப்பெல்லாம் வலப்பக்கம். மூன்றாம் வாரம் ஒரு நீள நோட்டு கையில் வந்தது. காக்கி அட்டை, முதுகில் துணி ஒட்டியது. முதல் பக்கத்தில் தவக்காலப் பிரசங்கம், அழகான சாய்வெழுத்தில். சரி, இடப்பக்கம் என்று வைக்கப் போனேன். கை தவறிக் கீழே விழுந்து தலைகீழாகத் திறந்தது. பின்னாலிருந்து முன்னால் வேறொன்று எழுதியிருந்தார். மேலே "வடக்கன்குளம்" என்று சிவப்பு மையில் அடிக்கோடு.

வடக்கன்குளம் உங்களுக்குப் பக்கத்து ஊர், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர். அந்த ஊரில் 1872-இல் கட்டிய கோயில் இரண்டு கால் போல விரிந்திருக்கும். சாதிக்கு ஒரு கால், நடுவில் சுவர், இரண்டும் சேரும் இடத்தில் பீடம். பூசை வைக்கும் சாமியாரை இரண்டு பக்கமும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910-இல் சுவரை இடித்தார்கள். தங்கள் தனி இடம் போயிற்று என்று மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், அவர்களுக்கு அப்படி ஓர் உரிமை இல்லை என்று முடிந்தது.

பாதர் இதைக் குறிப்பாக எழுதி, கீழே மாணவர்களுக்கு மூன்று கேள்வி போட்டிருந்தார். அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது 1950-இல். அதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் முன்னால் நீதிமன்றம் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னது? சுவரை இடித்தது அரசா, சபையா? சுவர் போன பிறகு மக்கள் எங்கே உட்கார்ந்தார்கள்?

மூன்றாவது கேள்வி எனக்கு நினைவிருந்தது. வகுப்பில் கேட்டிருக்கிறார். எழுபது பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று எங்களுக்கே தெரியும்.

நோட்டைத் திருப்பித் தவக்காலப் பிரசங்கத்தை மறுபடி படித்தேன். அதிலும் சுவர்தான். பேர் சொல்லாமல், அயலானைப் பற்றிய பிரசங்கமாக. ஒரே வாரத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் பாதிப் பேச்சு, திங்கட்கிழமை கரும்பலகையில் மீதி. இந்த நோட்டை எந்தப் பக்கம் வைப்பது? அன்றைக்கே இரண்டு குவியலையும் மறுபடி ஒன்றாக்கினேன். ஆனால் அதற்கு முன்னால் கலைத்த ஐந்து பெட்டிகளின் பழைய வரிசை போனது போனதுதான்.

ஜூன் 17

நேற்று எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. மாமாவின் பெட்டியில் "1950 ஆணை" என்று எழுதிய கட்டு இருக்கிறதா, தேடிப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் அரசியல் நடத்திய சாமியார்கள் அதை விட்டிருக்க மாட்டார்கள். பட்டியல் சாதியினர் யார் என்று குடியரசுத் தலைவர் 1950-இல் போட்ட ஆணை. இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. சீக்கியருக்கு 1956-இல் விரித்தார்கள், பௌத்தருக்கு 1990-இல். கிறிஸ்தவர்களுக்கு இன்றைக்கு வரைக்கும் இல்லை. கோயிலுக்குள் சுவர், அலுவலகத்தில் சான்றிதழ் இல்லை. இரண்டு பக்கமும் அடி வாங்கியவர்களைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பது அச்சில் வந்த கட்டுரையைவிட அந்தக் கட்டிங்கின் ஓரத்தில்தான் இருக்கும்.

ஜூன் 23

ஒருவர் தனியாகக் கேட்டார்: சாமியாருக்கு அரசியல் எதற்கு? நல்ல கேள்வி.

அரசியல் நடத்துவது வேறு, அரசியல் செய்வது வேறு. அரசு அதிகாரம் உள்ள பதவி குருக்களுக்குக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 285-ஆம் பிரிவு. கட்சியில் மும்முரமாக இறங்கக் கூடாது என்கிறது 287. பாடம் நடத்தக் கூடாது என்று எங்கேயும் இல்லை. இந்தப் பிரிவுகள் 1983-இல் இப்படி வருவதற்கு முன்னால் நிலைமை வேறாக இருந்தது. ஜெரோம் டிசௌசா மங்களூர்க்காரர், இயேசு சபைக் குரு, லொயோலா கல்லூரி முதல்வராக இருந்தவர். நம் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து உறுப்பினர். அமெரிக்காவில் ராபர்ட் டிரைனன், அவரும் இயேசு சபைதான். சட்டக் கல்லூரித் தலைவராக இருந்து, மாசசூசெட்ஸிலிருந்து 1970-இல் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஜெயித்தார். ஐந்து தடவை. இனி நிற்க வேண்டாம் என்று 1980-இல் ரோமிலிருந்து உத்தரவு வந்ததும் கீழ்ப்படிந்து விலகி, மறுபடி பாடம் நடத்தப் போனார். அவருடைய காங்கிரஸ் காலக் காகிதங்கள் பாஸ்டன் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன.

எங்கள் பாதர் இந்த இருவர் பெயரையும் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவார். "ஒருவர் சட்டம் எழுதப் போனார், ஒருவர் சட்டம் போடப் போனார். நான் சட்டம் படிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்றும் ஒரே வேலைதான்" என்பார். எனக்கு அது அப்போது புரியவில்லை.

ஜூலை 2

ஐந்தாவது பெட்டியில் ஈரக் கறை என்கிறீர்கள். எப்போது நனைந்தது என்று பாருங்கள். கறை காய்ந்து, காகிதம் விறைப்பாக இருந்தால் பழையது, பயமில்லை. தொட்டால் ஜில்லென்று இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நான் பட்டது இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை தாண்டியது. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பாதரின் பெட்டிகளில் ஒன்றை, இன்னும் பட்டியல் முடியவில்லை என்று நான் வீட்டிலேயே வைத்திருந்தேன். பீரோவுக்கு அடியில். 1992 வெள்ளத்தைப் பார்த்தவன், தரையில் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தேன்.

பெட்டியை மாடிக்குத் தூக்கினோம். நனைந்த காகிதக் கட்டு என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வெயிலில் போடக் கூடாது, தாள் சுருண்டு முறுகிவிடும். காற்றுதான் வேண்டும். கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. நானும் என் மனைவியும் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு மாறி மாறி வீசினோம். தாளுக்குத் தாள் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் செருகினோம். நியூஸ்பேப்பர் செருகாதீர்கள், அதன் மை இதில் ஏறும். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குளிர்பெட்டி கிடைத்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறையவைத்துவிடலாம், அப்புறம் நிதானமாகக் காயவைக்கலாம். அந்த இரண்டு நாளும் எங்கள் தெருவில் ஓடிய குளிர்பெட்டி ஒன்றுகூட இல்லை.

சைக்ளோஸ்டைல் தாள் தப்பித்தது. டைப் அடித்தது தப்பித்தது. பால்பாயின்ட் பேனா பெரும்பாலும் தப்பித்தது. ராயல் புளூ மையில் எழுதியதெல்லாம் கரைந்து போயிற்று. கடைசியாக எடுத்த கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிர்நீலத் தாள் ஒன்று, அவ்வளவுதான். இடது மேல்மூலையில் சிலுவைக் குறி மட்டும் பென்சிலில் போட்டிருந்ததால் நின்றது.

ஆகவே மையால் எழுதியதை முதலில் போட்டோ எடுங்கள். பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்குங்கள். செங்கல் மேல் பலகை போதும்.

ஜூலை 4

பூச்சிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கரையான் மண்ணோடு வரும், சுவரை ஒட்டி வைக்காமல் இருந்தால் பாதி பிழைத்தோம். இராமபாணம் ஈரத்துக்கு வரும், காற்றோட்டம் இருந்தால் குறையும். அந்துருண்டையைக் காகிதத்தின் மேலே போடாதீர்கள். வேப்பிலை வைப்பவர்கள் உண்டு. காய்ந்து நொறுங்கித் தாளுக்குள் புகுந்துகொள்ளும், எனக்குப் பிடிப்பதில்லை. வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பேன். ஏட்டுச்சுவடிக்கு வைத்த பழக்கம்.

ஜூலை 23

இன்று ஆற்றங்கரையில் மாலை போடுகிறார்கள். 25 வருஷம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு வந்த ஊர்வலம், தடியடி, ஆற்றுக்குள் 17 பேர் செத்தது. இந்த ஜூனில்தான் மிச்சமிருந்த தொழிலாளர்களையும் விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

எங்கள் பாதர் 1999 பற்றி எங்கும் கட்டுரை எழுதவில்லை. ஆறாவது பெட்டியில், ஒரு பழைய செமஸ்டர் கேள்வித்தாளின் பின்பக்கம், 17 பெயர்கள் இருந்தன. பெயர், வயது, ஊர். சில பெயர்கள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. பக்கத்தில் பொடி எழுத்தில் எந்தப் பத்திரிகை எப்படி எழுதியது என்று குறிப்பு. மூன்று பத்திரிகை மூன்று விதமாகப் போட்டிருந்த ஒரு பெயருக்கு நேரே, "வீட்டில் கேட்டது" என்று எழுதி, நான்காவதாக ஒன்று. அதுதான் சரியான பெயர்.

ஒரு பெயரின் எழுத்துக்காக மலைக்குப் பஸ் ஏறிப் போயிருக்கிறார். அப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அந்தத் தாள் கேள்வித்தாள் கட்டுக்குள் இருந்தது. பழைய கேள்வித்தாள் யாருக்கு வேண்டும் என்று அந்தக் கட்டை நான் எடைக்குப் போடும் பக்கம் வைத்திருந்தேன். சணலை உருவிக்கொள்ளலாம் என்று கட்டை அவிழ்த்தபோதுதான் பார்த்தேன்.

கேள்வித்தாள்களின் பின்பக்கம் பாருங்கள் தம்பி. ஒவ்வொன்றாக.

ஆகஸ்ட் 5

பட்டியல் போடும்போது ஊர்ப் பெயர், மாவட்டப் பெயரைக் காகிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள், பக்கத்தில் இன்றைய பெயரைப் போடுங்கள். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி பிரிந்தது 1986-இல். அப்புறம் இது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம், அது சிதம்பரனார் மாவட்டம். 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்தார்கள். 2019-இல் தென்காசி தனி. மாமா ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பார், கடிதத் தலைப்பில் மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டே வரும். தேதி போடாத கடிதத்தில் "நெல்லை கட்டபொம்மன்" என்று இருந்தால், ஏறக்குறைய எந்த வருஷங்கள் என்று பிடித்துவிடலாம்.

ஆகஸ்ட் 6

தேதி என்றதும் நினைவு வந்தது. உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டேன். கடிதத்தை எடுத்து விரித்து அடுக்கி, காலி உறையெல்லாம் இடத்தை அடைக்கிறது என்று ஒரு சாக்கு நிறைய வெளியேற்றினேன். பிறகு பார்த்தால் பாதிக் கடிதங்களில் "செவ்வாய், காலை" என்று மட்டும் இருக்கிறது. தபால் முத்திரை உறையின் மேல். எந்த வருஷத்துச் செவ்வாய்? யாருக்கும் தெரியாது. இன்லாண்டு கடிதங்கள் மட்டும் தப்பின, முத்திரையும் கடிதமும் ஒரே தாள்.

செப்டம்பர் 1

யாரிடம் கொடுப்பது? அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பாதரின் பெட்டிகளில் மூன்றை ஓர் இடத்தில் நம்பிக் கொடுத்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். ரசீது கேட்கவில்லை, சாமியார் காகிதத்துக்கு ரசீது கேட்பதா என்று கூச்சம். நான்கு வருஷம் கழித்துப் போய்க் கேட்டேன். வெள்ளையடித்தபோது அறையைக் காலி செய்தார்களாம். ஒரு பெட்டி கிடைத்தது, இரண்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. அன்று மத்தியானம் பாளையங்கோட்டையில் இருக்கிற பழைய பேப்பர் கடை அத்தனையும் ஏறி இறங்கினேன்.

கொடுக்கும் முன்னால் எழுத்தில் நான்கு விஷயம் வேண்டும். எத்தனை பெட்டி, எத்தனை கட்டு. யார் பார்க்கலாம். எந்த உறை எந்த வருஷம் வரை மூடியிருக்கும். வேண்டாம் என்று நினைத்தால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும், எறியக் கூடாது. கையெழுத்துப் போட்ட பட்டியலில் ஒரு பிரதி உங்கள் வீட்டில். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்ததை வைத்து 1994-இல் தொடங்கியது. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மறைமாவட்டத்திலும் கேளுங்கள். பக்கத்தில் இருக்கிறதா என்பதைவிட, காகிதத்தைக் கவனிக்க ஓர் ஆள் சம்பளத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

செப்டம்பர் 19

அம்மா ஏன் எரிக்கச் சொன்னார் என்று இன்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏழாவது பெட்டியில், மாமாவுக்கு அம்மா எழுதிய கடிதங்கள். கல்யாணமான முதல் மூன்று வருஷம். அண்ணனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லியிருப்பார்? "நாலு பேர் ரகசியம்" என்று அவர் சொன்னதில் அவரும் ஒருவர்.

ஜூன் மாதம் தீப்பெட்டியை ஒளித்துவைக்கச் சொன்னேன், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

அந்தக் கடிதங்களை அவர் கையில் கொடுங்கள். நீங்கள் படிக்க வேண்டாம். வைத்துக்கொள்வதோ எரிப்பதோ அவர் பாடு, எழுதியவர் அவர். எண்ண வேண்டியது மட்டும் எண்ணி, பட்டியலில் ஏழாம் பெட்டிக்கு நேரே எழுதுங்கள்: "தங்கை எழுதிய கடிதங்கள், 14, எழுதியவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது." பக்கத்தில் கொடுத்த தேதி.

செப்டம்பர் 22

சணல் கயிற்றையும் அவர் கேட்டால் கொடுத்துவிடுங்கள். மாமா கட்டிய முடிச்சு அது. அவிழ்க்காமல் உருவி எடுக்கலாம், மெதுவாக.